பழைய 14 அடி அலுமினியம் போட்டுக்கு எத்தினை குதிரை (குதிரைவலு, hp) மோட்டர் சரி?

ரைஸ்லேக்_தம்பி:
வணக்கம், 14 அடி அலுமினியம் போட் ஒண்டு ட்ரெய்லரோட வாங்கியிருக்கிறன். 70களில செய்ததா இருக்கவேணும், ரிவெட் அடிச்சது, அடி வி மாதிரி, ஸ்டியரிங் ஒண்டும் இல்லை, மோட்டரின்ர கைபிடியைப் பிடிச்சு ஓட்டுறதுதான். எத்தினை ஆக்கள், எத்தினை குதிரை தாங்கும் எண்டு எழுதியிருக்கிற கபாசிட்டி பிளேட் எப்பவோ கழண்டு போட்டுது, அது இருந்த இடத்தில ஓட்டை மட்டும் கிடக்கு. மோட்டர் பூட்டுற பின்பலகை நடுவில உயரம் 15 இஞ்சி, அகலம் 48 இஞ்சி. போறது கனடா ஒன்ராறியோவில இருக்கிற ஏரிகள், ரைஸ் லேக், ஸ்கூகொக், காத்தில்லாத நாளில சிம்கோ. நானும் மகனும், அனேகமா மச்சானும் வருவார். இப்ப 9.9 ஒண்டும் 25 ஒண்டும் விலைக்கு வந்திருக்கு, ரெண்டும் 4 ஸ்ட்ரோக். மச்சான் 25தான் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறார், எனக்கு அந்தப் பலகை தாங்குமோ எண்டு பயமா இருக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வலைவீச்சு:
தம்பி, பிளேட் இல்லாட்டியும் கணக்குப் போடலாம், அமெரிக்க கோஸ்ட் கார்ட் சூத்திரம் ஒண்டு இருக்கு. நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில எடுத்துப் பெருக்குங்கோ, உங்களுக்கு 14 தர 4, 56 வரும். கைபிடியால ஓட்டுற வி அடி போட்டுக்கு அதை 0.8ஆல பெருக்கி 25ஐக் கழிக்கவேணும், 19.8 வருது, கிட்ட இருக்கிற ஐந்தின் மடங்குக்கு ஏத்தலாம், ஆக 20. (அடி தட்டையா இருந்தா பாதியாக்கி 15ஐக் கழிக்கவேணும், அப்ப 15 குதிரைதான் வரும்.) அப்ப மச்சான்ர 25 கணக்குக்கு வெளியில போட்டுது. இந்த 20 உச்ச வரம்பு, கட்டாயம் 20 போடச் சொல்லி இல்லை. கூடப் போட்டா ஏதும் நடந்தாப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேக்கிற முதல் கேள்வியும் அதுதான்.

9.9ஐ எடுத்தா நீங்கள் தனியப் போகேக்க அணியம் (முன்பக்கம்) தூக்கி ஓரளவுக்கு ஓடும். மூண்டு பெரிய ஆக்கள், பெட்ரோல் டாங்க், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் ஏறினா போட் தண்ணிக்கு மேல எழும்பாது, தண்ணியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில ஊரும். ரைஸ் லேக்கில அது காணும், அங்க ஆழமும் குறைவு புல்லும் கூட, வேகமா ஓடவும் ஏலாது. சிம்கோ அப்பிடி இல்லை, பின்னேரம் காத்து மாறினா கரைக்கு வர வலு தேவை.

தகரவள்ளம்:
குதிரையைப் பாக்க முதல் எடையைப் பாருங்கோ, பழைய போட்டில எல்லாம் அங்கதான் பிழைக்கிறது. உங்கட போட் செய்த காலத்தில 20 குதிரை 2 ஸ்ட்ரோக் மோட்டர் 40 கிலோ அளவில இருந்தது, பலகையும் அதுக்குத்தான் போட்டது. இப்பத்தைய 25 குதிரை 4 ஸ்ட்ரோக் 57 கிலோவில இருந்து 70 வரைக்கும் இருக்கு, அதோட நீங்களும் பின்னுக்கு இருக்கிறீங்கள், டாங்கும் பின்னுக்கு. பின்பக்கம் தாழ்ந்து நிக்கும், திடீரெண்டு வேகத்தைக் குறைச்சா பின்னால வாற அலை 15 இஞ்சிப் பலகையைத் தாண்டி உள்ள வரும். புதுசா வாற மோட்டர்களில சில கம்பனிகளின்ர 15உம் 20உம் ஒரே எஞ்சின்தான், எடையும் ஒண்டுதான், 45 கிலோ அளவு. என்னைக் கேட்டா அதில 20ஐத் தேடி எடுங்கோ, பழைய 9.9க்கும் பழைய 25க்கும் இடையில முழுசிக்கொண்டு நிக்காதேங்கோ.

அதுக்கு முதல் பலகையைச் சோதியுங்கோ. உள்ளுக்க இருக்கிற மரம் 50 வருசப் பழசு. ஸ்க்ரூட்ரைவர் கைபிடியால தட்டிக்கொண்டே போங்கோ, நல்ல மரம் எண்டா டக் டக் எண்டு கேக்கும், உக்கின இடம் பொத் பொத் எண்டு கேக்கும். போல்ட் ஓட்டையைச் சுத்தி சின்னனாக் கிளறிப் பாருங்கோ, ஈரமா கறுப்புத் தூள் வந்தா மாத்தத்தான் வேணும். மோட்டர் ஏத்தின பிறகு அதின்ர அடிக் காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்கோ, பலகை வளைஞ்சா தண்ணிக்குப் போகாதேங்கோ. மாத்தேக்க மரைன் பிளைவுட் போட்டு ஓரமெல்லாம் எபொக்ஸி பூசுங்கோ. மலிவு எண்டு வீட்டு டெக்குக்குப் போடுற மருந்தடிச்ச பலகையைப் போட்டிடாதேங்கோ, அதில இருக்கிற செம்பு அலுமினியத்தை அரிச்சுப்போடும்.

ரைஸ்லேக்_தம்பி:
நன்றி அண்ணை. தட்டிப் பாத்தன், இடப்பக்க போல்ட்டுக்குக் கீழ ஒரு கை அகலத்துக்குப் பொத் பொத் எண்டுதான் கேக்குது, தூளும் வந்தது. மாத்திறதா முடிவு பண்ணியாச்சு. அப்ப இன்னும் ரெண்டு கேள்வி, தடிச்ச பலகை போட்டா 25 தாங்குமோ? மற்றது 9.9 எண்டா லைசன்ஸ் தேவையில்லை எண்டு சொல்லினம், அது சரியோ?

வலைவீச்சு:
பலகை தாங்கும், போட் தாங்காது. பலகையை எவ்வளவு தடிப்பாப் போட்டாலும் சுத்திவர இருக்கிற தகடும் ரிவெட்டும் பழசுதான், பின்னுக்கு ஏத்தின எடையும் குறையாது.

கனடாவில லைசன்ஸ் எண்டு சொல்லுறது ரெண்டு விசயம். போட்டுக்கு எடுக்கிற இலக்கம் 10 குதிரை, அதாவது 7.5 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் எண்டா கட்டாயம், 9.9 அதில தப்பும். ஆனா ஓட்டுற ஆளின்ர கார்ட் எந்த மோட்டருக்கும் வேணும், 2 குதிரை எண்டாலும் வேணும். மகனும் ஓட்டப்போறார் எண்டா வயசைப் பாருங்கோ, 12க்குக் கீழ எண்டா பெரிய ஆள் கூட இல்லாமல் 10 குதிரைக்கு மேல ஓட்டக்கூடாது, 12இல இருந்து 15 வரைக்கும் 40 குதிரை வரை.

தகரவள்ளம்:
ஒண்டு விட்டுப்போச்சு, மோட்டர் வாங்கேக்க ஷார்ட் ஷாஃப்ட் (கட்டைக் கால்) எண்டு கேட்டு வாங்குங்கோ. உங்கட பலகை 15 இஞ்சி, 20 இஞ்சிக்குரிய லாங் ஷாஃப்ட் போட்டா கால் 5 இஞ்சி கீழ தொங்கி ரைஸ் லேக் புல்லையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கிற அந்தத் தட்டு போட்டின்ர அடி மட்டத்தோட சரியா நிக்கவேணும். புதுப் பலகை வெட்டேக்க உயரத்தை மாத்திப்போடாதேங்கோ, பழைய பலகையையே அச்சா வைச்சு வெட்டுங்கோ.