தீபாவளி மலிவு விற்பனையில சேந்தா சின்னக் கடைக்கு உண்மையா லாபம் வருமா?

கல்லடி_உடுப்புக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில அக்காவோட சேந்து சின்ன உடுப்புக் கடை ஒண்டு நடத்துறம், பிள்ளைகள்ட உடுப்பு, சுடிதார், நைட்டி இதுகள்தான் கூட. இந்தமுறை தீபாவளிக்கு கடைக்காரங்க கொஞ்சப்பேர் சேந்து மலிவு விற்பனை வைக்கப்போறாங்களாம், ரெண்டு கிழமைக்கு எல்லாச் சாமானுக்கும் 20 வீதம் கழிவு குடுக்கணும், மறுகா அதிர்ஷ்டக் கூப்பன் புத்தகமும் நாங்கதான் காசு குடுத்து எடுக்கணும், நோட்டீஸ், ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ எல்லாம் அந்தக் காசிலதானாம். அக்கா சேருவம் எண்டுறா, சேராட்டி சனம் நம்மட பக்கம் திரும்பியும் பாக்காது எண்டு அவவுக்குப் பயம். எனக்கு மனசு கேக்குதில்ல. போன சித்திரை வருசத்துக்கும் டவுன் முழுக்க கழிவு போட்டாங்க, சனமும் வந்துதுதான், ஆனா பெரிய கடைகளும் வெளியூரால வந்து ரோட்டுக்கரையில பரப்பினவங்களும்தான் காசு பாத்தாங்க. இதில சேந்து பாத்தவங்க இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

கல்முனை_பஸார்:
தங்கச்சி, முதல்ல பேப்பர் எடுத்து கணக்குப் போடுங்க. ஒரு சுடிதார் ஒங்களுக்கு 2,000க்கு விழுகுது, 2,600க்கு விக்கிறீங்க எண்டு வைங்க. கையில நிக்கிறது 600. 20 வீதம் கழிச்சா 520 போயிரும், மிச்சம் 80 ரூபா. முந்தி 10 வித்து எடுத்த 6,000 ரூபாவ எடுக்க இப்ப 75 விக்கணும். அந்தளவு சனம் ஒங்கட கடைக்குள்ள நிக்க இடமிருக்கா? 10 வீதம் எண்டாலும் 18 விக்கணும். இதில கூப்பன் காசு, கரண்ட் பில், சீசனுக்கு எடுக்கிற பொடியன்ட சம்பளம் ஒண்டும் நான் சேக்கல்ல.

பெரிய கடைக்காரங்களுக்கு வேற கணக்கு. அவங்க நேரா கம்பனியில மொத்தமா எடுப்பாங்க, கொள்விலையே கொறைவு, 20 கழிச்சாலும் தாங்கும். நாங்க கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகள்ல கடனுக்கு எடுத்து பின் திகதி போட்ட செக் குடுத்துட்டு வாற ஆக்கள். சீசன்ல கல்லாப்பெட்டி நிறையும், பாக்கிற நேரம் நல்ல யாவாரம் போலதான் இரிக்கும், பெருநாள் முடிஞ்ச கையோட செக் பாங்குக்கு வரும், அப்பதான் தெரியும் எவ்வளவு ஓட்டை எண்டு. கழிவு குடுக்கிறதா இருந்தா போன வருசம் தேங்கின சரக்குக்கு மட்டும் குடுங்க, சைஸ் உடைஞ்சது, கலர் ஓடாதது. அதில 20 என்ன 40 குடுத்தாலும் பரவாயில்ல, முடங்கின காசு வெளிய வருது. புதுச் சரக்குல கை வைக்காதீங்க.

படுவான்கரை_விவசாயி:
வாங்கிற பக்கத்துல இருந்து நானும் ஒண்டு சொல்லணும். சித்திரை எண்டா பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல்லு வித்த காசு கையில இருக்கும், நாங்க பாலம் தாண்டி டவுனுக்கு வந்து குடும்பத்தோட உடுப்பு எடுப்பம், கழிவு இருந்தாலும் இல்லாட்டியும். தீபாவளி வாறது ஐப்பசியில. அந்த நேரம் உழவு, விதைநெல்லு, எண்ணெய், பசளை எண்டு இருந்ததெல்லாம் வயலுக்குள்ள போயிரும், சில பேர் நகைய அடகு வச்சுத்தான் விதைக்கிறாங்க. மழையும் தொடங்கிரும், ரெண்டு நாள் அடிச்சுப் பெய்ஞ்சா எங்கட பக்கத்து ஆக்கள் வீட்ட விட்டு வெளிக்கிட ஏலாது. அப்ப நீங்க 20 வீதம் என்ன, பாதி விலை போட்டாலும் கையில காசில்லாதவன் எப்பிடி வாங்குவான்? பிள்ளைக்கு மட்டும் ஒண்டு எடுப்பம், அதுவும் தெரிஞ்ச கடையில கொப்பியில எழுதிப்போட்டு. எனக்குப் பட்டதச் சொல்றன், எங்களுக்கு அந்தக் கடன் கொப்பிதான் பெரிய உதவி. அத எந்தப் பெரிய கடையும் தராது.

மருதமுனை_தறி:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றன், எல்லாரும் ஒரேயடியா வேணாம் எண்டுறது சரியில்ல. எங்கட வீட்ட கைத்தறி, சாரமும் சாறியும் நெய்யிறம். நோன்புப் பெருநாள் சீசன்ல ஸ்டோல் போட்டா எங்களுக்கு நல்லம், ஏனெண்டா நாங்க விக்கிறது எங்கட உழைப்பு, நூல், சாயம் போக மிச்சம் கூலி, இடையில மொத்த யாவாரி இல்லாம நேரா ஆக்கள்ட கைக்குப் போகுது. கழிவு குடுத்தாலும் மொத்தக் கடைக்குக் குடுக்கிற விலைய விட கூடத்தான் வருது. அதோட ஸ்டோலுக்கு வந்து நம்பர் வாங்கிட்டுப் போன ஆக்கள் மறுகா கலியாணத்துக்கு, பாடசாலை விழாவுக்கு எண்டு ஓடர் தாறாங்க, அதுதான் பெரிய விசயம். தங்கச்சி, ஒங்கட கடையில தைக்கிறதும் இருக்கா? தைச்சுக் குடுக்கிறதுக்கு கூலியில கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம், வாங்கி விக்கிற உடுப்புல விட்டுக்குடுக்க ஒண்டுமில்ல.

பாங்குல_வேல:
இதுல யாருட காசுல கழிவு குடுக்கிறது எண்டதுதான் கேள்வியே. அமெரிக்காவுல நன்றியறிதல் நாளுக்கு அடுத்து வாற சனிக்கிழமைய சின்னக் கடைகளுக்கு எண்டு ஒதுக்கி 2010ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தொடங்கினாங்க. முதல் வருசம் பதிஞ்ச கார்ட்காரர் சின்னக் கடையில 25 டொலர் செலவழிச்சா அந்த 25 டொலர கார்ட் கம்பனியே அவங்கட கணக்குல போட்டுது. கடைக்காரர் விலைய குறைக்கவே இல்ல, முழுக்காசும் அவருக்கு வந்துது. பிரித்தானியாவுலயும் சின்னக் கடைகளுக்கு எண்டு ஒரு சனிக்கிழமை 2013ல இருந்து நடக்குது. அந்தக் கம்பனிக்கும் அதுல லாபம் இருக்கு, இல்லாம செய்யமாட்டாங்க, ஆனா செலவு சின்னக் கடைட தலையில விழல்ல.

இங்க பண்டிகைக்கு பாங்குகள் போடுற கார்ட் கழிவப் பாருங்க, எல்லாம் சூப்பர்மார்க்கெட், பெரிய புடவைக்கடை, எலக்ட்ரோனிக்ஸ்தான். பாங்கும் கடையும் பேசி ஆளுக்குக் கொஞ்சம் ஏத்துக்குவாங்க. கார்ட் மெசினே இல்லாத கடை அந்தப் பேச்சுக்குள்ளயே வராது. அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடுக்கிற பண்டிகை முற்பணமும் அந்தப் பக்கம்தான் கூடப் போகுது எண்டது என்ட அபிப்பிராயம். இந்த மலிவு விற்பனைய நடத்துற கடைக்காரங்க உண்மையா சின்னக் கடைக்கு உதவணும் எண்டா ஒரு பாங்கோட பேசி செலவுல பாதிய ஏத்துக்கச் சொல்லட்டும், கார்ட் மெசின் இல்லாத கடையில ஃபோனால காசு கட்ட க்யூஆர் போட்டு வைக்கட்டும்.

கல்லடி_உடுப்புக்கடை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. கல்முனை அண்ணா சொன்ன கணக்க அக்காவுக்கு எழுதிக் காட்டினன், 75 எண்டதப் பாத்து அவ கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. மருதமுனையில இருந்து கேட்டதுக்கு, தைக்கிறது இருக்கு, பிளவுஸும் பிள்ளைகள்ட சட்டையும். பழைய சரக்குக்கும் தையல் கூலிக்கும் மட்டும் கழிவு தாறம், அப்பிடிச் சேக்கிறாங்களா எண்டு கேட்டுப் பாக்கப்போறம். ஏலாது எண்டா விட்டுருவம். சித்திரைக்குத்தான் கூடச் சரக்கு இறக்குறது எண்டும் யோசிக்கிறம்.

கல்முனை_பஸார்:
நல்லம். கேக்கிற நேரம் இன்னும் ரெண்டையும் கேளுங்க: மிஞ்சுற கூப்பன திருப்பி எடுப்பாங்களா, ரோட்டுக்கரையில வெளியாக்களுக்கு இடம் குடுக்கிறத பத்தி மாநகர சபையோட பேசினாங்களா. வாயால சொன்னா காணாது, எழுத்துல வாங்குங்க. இன்னொண்டு, விலைய கூட்டி ஒட்டிட்டு கழிவு போடுற கடையும் இதுக்குள்ள இருக்கும், அவங்களோட ஒரே நோட்டீஸ்ல ஒங்கட கடைப் பேரும் வரும், நாளைக்கு யாராவது 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுத்து நுகர்வோர் அதிகார சபைக்குச் சொன்னா ஒங்கட பேரும் சேந்துதான் அடிபடும், யார் யார் சேருறாங்க எண்ட லிஸ்ட பாத்துட்டு கையெழுத்து வைங்க.