பயோம்: தமிழில் எப்படிச் சொல்ல?

வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான சூழலியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஈகோசிஸ்டம் என்பதற்குச் சூழல் மண்டலம் என்று போட்டுவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. பயோம், அதாவது பாலைவனம், மழைக்காடு போல ஒரே காலநிலையும் அதற்கேற்ற உயிர்களும் கொண்ட பெரும்பரப்பு. அந்தச் சொல் வருமிடத்தில்தான் நிற்கிறேன்.

பல்லுயிர்த் தொகுதி என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த பாடமே பல்லுயிர்ப் பெருக்கம். துருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்வெளியான துந்திராவைப் பல்லுயிர்த் தொகுதி என்று சொல்லிவிட்டு, மறுவரியில் 'இங்கே உயிரின வகைகள் மிகக் குறைவு' என்று எப்படி எழுத? வெப்பமும் மழையும் சேர்ந்து ஒரு பெரும்பரப்பில் எது வாழலாம் என்று முடிவு செய்கின்றன. அந்தப் பொருள் சொல்லில் தெரியவேண்டும்.

* * *

ஐயா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? திணை இருக்கிறதே!

தொல்காப்பியம் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பெரும்பொழுது என்றால் பருவம். இன்றைய பேச்சில் காலநிலை. மரமும் விலங்கும் பறவையும் அதற்கு அப்புறம் கருப்பொருளாக வருகின்றன. 1916இல் அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் கிளமென்ட்ஸ் பயோம் என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது தாவரமும் விலங்கும் சேர்ந்த கூட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். ஆக, உயிர்த்திணை என்று வையுங்கள்.

வேரையும் பாருங்கள். திண், திணி, திணை. 'மண் திணிந்த நிலனும்' என்கிறது புறநானூறு. திண்ணையும் திண்டும் இதே குடும்பம். மண்ணும் உயிரும் செறிந்து கிடப்பது திணை என்பது என் துணிபு.

* * *

மேலே சொன்ன அம்மாவின் இலக்கியப் பற்றை மதிக்கிறேன். ஆனால் நான் வகுப்பில் நிற்கிறவன். இன்று உயிர்த்திணை என்று வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். பாதி நோட்டில் 'உயர்திணை' என்று இருந்தது. ஒரு பெண் எழுந்து, "அப்போ அஃறிணையும் உண்டா சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை.

இன்னொன்று. பாலை என்பது காய்ந்துபோன காலத்து நிலை. முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து' பாலை ஆகும் என்றுதானே சிலம்பு சொல்கிறது? சகாரா நிலையான பாலைவனம். அதைத் திணையில் எங்கே வைப்பீர்கள்? உயிர்மண்டலம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

* * *

சகாராவும் திரிந்ததுதான் நண்பரே! சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன, நீர்யானைகள் வாழ்ந்தன. பூமியின் அச்சும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறியதில் பருவமழை பின்வாங்கியது, நிலம் காய்ந்தது. சிலம்பின் அந்த வரிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மழைக்கணக்கை மட்டும் வைத்துச் சொல் கட்டவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாலைவனத்துக்கும் துந்திராவுக்கும் ஆண்டு மழை பெரும்பாலும் 250 மில்லிமீட்டருக்குள்தான். ஆனால் துந்திராவில் கோடையில் கால் வைத்தால் சேறு. அடியில் மண் உறைந்தே கிடப்பதால் நீர் கீழே இறங்காது. குளிரில் அதிகம் ஆவியாகவும் செய்யாது. அதே மழை ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் சதுப்பு.

* * *

எல்லோரும் நிலத்தையே பேசுகிறீர்கள். நீருக்கு என்ன செய்வது? நெய்தல் கரையோடு நின்றுவிடுகிறது. கடலுக்குள் ஒளி, உப்பு, ஆழம், ஊட்டச்சத்து என்று கணக்கே வேறு. சுமார் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்கு வழியில்லை.

காலநிலைக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லவரவில்லை. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் அடிநீரின் சத்தை மேலே கொண்டுவருகிறது, மீன் கொழிக்கிறது. அதே குளிர்நீர் மேலுள்ள காற்றைக் குளிர்வித்து மழை மேகம் எழாமல் செய்வதால், கரையில் அட்டகாமா பாலைவனம் வறண்டு கிடக்கிறது. ஒரே நீரோட்டம், கடலுக்கு வளம், நிலத்துக்கு வறட்சி. சில ஆண்டுகளில் அந்தக் கடல்நீர் சூடாகிவிடும் எல் நினோ வந்தால் இரண்டும் தலைகீழாகும். இந்த இரண்டையும் தாங்குகிற சொல் வேண்டும். வாழ்திணை எப்படி? உயர்திணையோடு குழம்பாது. வாழ்நிலத்திணை, வாழ்நீர்த்திணை என்று பிரிக்கவும் வரும்.

* * *

'வாழ்த்திணை' என்று ஒற்று மிக வேண்டாமா?

* * *

வேண்டாம். வாழ்ந்த, வாழ்கிற, வாழும் திணை: வினைத்தொகை. ஒற்று மிகாது. மிகுந்தால் வாழ்த்துப்பா மாதிரி ஒலிக்கும்.

* * *

நன்றி. வியாழன் இரவு பதினொரு மணி ஆகிறது. வாழ்திணை என்றே போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'பயோம் எனப்படும் வாழ்திணை' என்று எழுதியிருக்கிறேன். நீருக்கு வாழ்நீர்த்திணை எனக்கு வாயில் நுழையவில்லை. அங்கே நீர்ச்சூழல் மண்டலம் என்றே விட்டுவிட்டேன்.

* * *

அச்சுக்குப் போவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் நிலத்துக்குத் திணை, நீருக்கு மண்டலம் என்றால் பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு பொருள் என்று நினைப்பார்கள். உயிர்மண்டலம் என்று நான் சொன்னது அதற்காகத்தான். மறுபதிப்பு வரும்போது இதே இழையில் மறுபடி எழுதுவேன்.