ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யா, பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி.யா? (கடலூர் – புதுச்சேரி)

நெல்லிக்குப்பத்தார்:
மகள் இப்போது பிளஸ் டூ. மாநிலப் பாடத்திட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி. இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்க்கலாமா, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலையில் ஐந்தாண்டு எம்.எஸ்சி.யா, இல்லை க்யூட் (மத்தியப் பல்கலைகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதி காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலையா? ஐந்து வருஷப் படிப்பை நடுவில் விட்டால் கையில் என்ன இருக்கும்? ஆசிரியர் வேலைக்குப் போகவும் வழி இருக்க வேண்டும்.

கெடிலக்கரை:
சார், கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் முடிந்ததும் பி.எஸ்சி. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாமா என்பது பல்கலையின் விதிமுறையில் எழுதியிருக்கும். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) இப்போதைய சட்டகம் மூன்றாண்டு முடிவில் வெளியேற இடம் தருகிறது, அதற்கு 120 கிரெடிட் (தாள்களுக்குத் தரும் அலகு) முடித்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சேரும் துறை எதைப் பின்பற்றுகிறது என்பதே முக்கியம். சேருமுன் துறை அலுவலகத்தில் இதையெல்லாம் கேளுங்கள்: பட்டம் தானாக வருமா, விண்ணப்பித்தால்தான் வருமா? எந்த செமஸ்டரில் விண்ணப்பிக்க வேண்டும்? ஐந்தாண்டும் முடித்தால் சான்றிதழ் ஒன்றா, இரண்டா? வாயால் சொல்வதோடு விடாதீர்கள், விதிமுறைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்குவது பெரும்பாலும் அரியரில்தான். ஒரு தாள் நின்றாலும் வெளியேறும் பட்டம் நிற்கும். நாலாம் வருஷத்தில் இருக்கும் பிள்ளையிடம் பி.எஸ்சி. சான்றிதழ் இல்லையென்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2, வங்கி அதிகாரி போன்ற பட்டத் தகுதித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரவும் இளநிலைப் பட்டம் வேண்டும்.

இன்னொன்று. ஐந்து வருஷம் என்றாலே முதுநிலை என்று நினைக்காதீர்கள். பி.ஏ. எல்எல்.பி.யும் பி.ஆர்க்.கும் ஐந்து வருஷம்தான், ஆனால் இளநிலைப் படிப்புகள்.

முத்தியால்பேட்டை:
புதுவைப் பல்கலை மத்தியப் பல்கலை. க்யூட் எழுதிவிட்டு மதிப்பெண் வந்தாலே இடம் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பல்கலையின் சேர்க்கைத் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். வருஷா வருஷம் நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

தேர்வு கணினியில். ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிஷம், சரிக்கு 5, தப்புக்கு 1 கழியும். அதிகபட்சம் 5 பாடம் எடுக்கலாம். வினாத்தாளைத் தமிழிலும் வாங்கலாம். கேள்விகள் என்சிஇஆர்டி 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஒட்டி வரும், அதனால் நம் புத்தகத்தை மட்டும் நம்பினால் போதாது.

பிசி, எம்பிசி குடும்பமாக இருந்தால் நம்ம ஊர் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்று சொல்லும்) சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. இ-சேவை மையத்தில் போட்டு தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும், தேர்வு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மத்தியப் பல்கலையில் நாலாண்டு ஆனர்ஸ் வகுப்பு என்றால் கணக்கே வேறு. நாலு முடித்தவருக்கு ஓராண்டு முதுநிலை என்று யூஜிசி 2024-இல் விதி சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இரண்டு வருஷம். அங்கே நாலு, இங்கே இரண்டு என்று போனால் மொத்தம் ஆறு.

சில்வர்பீச்:
ஆசிரியர் வேலை என்றீர்களே சார், அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் வேண்டும், இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். ஒருங்கிணைந்த படிப்பின் பெயரில் “இயற்பியல்” என்றே இருந்தால் நல்லது. “மெட்டீரியல்ஸ் சயின்ஸ்” மாதிரி வேறு பெயர் ஏதாவது இருந்தால், அது இயற்பியலுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டி வரும். அந்தச் சமநிலைக் கோரிக்கைகள் உயர்கல்வி மன்றத்தின் குழு வழியாகப் போகின்றன, சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. ஐந்தும் முடித்து பி.எட்.டும் சேர்த்தால் ஏழு வருஷம்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று: தமிழ்வழி ஒதுக்கீடு. தமிழ்நாடு அரசு நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதிவரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். உங்கள் மகள் இதுவரை முழுக்கத் தமிழ்வழி. ஆங்கிலவழி ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் சேர்ந்த நாளிலேயே பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளில் அந்த உரிமை போய்விடும். கலைக் கல்லூரியில் இயற்பியலுக்குத் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். ஆராய்ச்சிதான் குறி என்றால் இந்தக் கணக்கை ஓரம் வைத்துவிட்டு ஐந்தாண்டுப் படிப்புக்கே போகலாம், எம்.எஸ்சி.க்கு மறுபடி இடம் தேடி அலைய வேண்டாம். அரசுப் பணிதான் முக்கியம் என்றால் என் ஓட்டு மூன்று கூட்டல் இரண்டுக்கு.

கெடிலக்கரை:
தமிழ்வழி விஷயம் சரியான பாயிண்ட், விட்டுப்போச்சு.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் ஒன்று. ஐந்தாண்டுக்கு ஒப்புதலான கடனில் மூன்றாம் வருஷமே வெளியேறினால் வங்கிக்கு எழுதித் தெரிவியுங்கள். திருப்பிக் கட்டும் தேதி படிப்பு முடியும் நாளிலிருந்து கணக்காகிறது.

நெல்லிக்குப்பத்தார்:
நன்றி. அரசுக் கல்லூரியில் முதலில் சேர்த்துவிட்டு, க்யூட்டில் இடம் வந்தால் மாற்றலாமா? சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ?

முத்தியால்பேட்டை:
மாற்றலாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். டி.சி. மட்டும் அவர்களிடம் போய்விடும், புதுசு வாங்க எழுதிக் கொடுத்து நாலு நாள் ஆகலாம். சேர்க்கும்போதே மதிப்பெண் சான்று, டி.சி., சாதிச் சான்று எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். காலாப்பட்டில் இடம் உறுதியாகிக் கட்டணம் கட்டிய பிறகு இங்கே விலகல் கடிதம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.