குருமனை ஒழுகுகிறது, ஐயர் எதுவும் கேட்பதில்லை. சபை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி (சேகரச் செயலர்):

தென் மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம். ஐந்து கோயில்கள் (தேவாலயங்கள்), எல்லாவற்றுக்கும் போதகராக ஒரே ஐயர். ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்தார். சின்ன வயது, இரண்டு சிறு பிள்ளைகள். நானும் இந்த முறைதான் முதல் தடவையாகக் கமிட்டிக்குள் வந்து செயலர் ஆகியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக, ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போனேன். நல்ல மழை. ஐயருடைய மேசையைச் சுவரை விட்டு நடு அறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். மூலையில் இரண்டு பக்கெட். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உரச் சாக்கில் சுற்றிக் கட்டில் மேல் இருந்தன. ஐயரம்மா காபி கொடுத்தார்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அங்கிள், ராத்திரி நாங்க பக்கெட்டை மாத்தி மாத்தி வைப்போம்" என்று பையன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டம் முடிந்து ஐயர் கிளம்பிய பிறகு வெளியே நின்று இதைப் பேசினேன். "சம்பளம் பேராயம் கொடுக்கிறது, நமக்கென்ன" என்றார் ஒருவர். "முந்தின ஐயர் வீடு வீடாக வந்தார். இவர் முதலில் அதைச் செய்யட்டும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "தேவ ஊழியரைப் பற்றி இப்படி வெளியில் நின்று பேசுவதே பாவம்" என்று நடையைக் கட்டிவிட்டார். இந்த மூன்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் சபைகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1 (கடற்கரை விசுவாசி):

எங்களுடையது சின்ன பெந்தெகொஸ்தே சபை. மேலிருந்து சம்பளம் கிடையாது. நாங்கள் கொடுப்பதில்தான் பாஸ்டர் வீட்டில் அடுப்பு எரியும். சபையில் பாதிக்கு மேல் விசைப்படகுக் குடும்பங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நின்றால் காணிக்கைப் பையும் காலிதான். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நேரமும் சரியாக அதுவே.

ஒரு வருடம் பாஸ்டரம்மா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடந்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்து அழுதாள். அப்புறம்தான் நாங்கள் விழித்தோம். இப்போது மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் தடைக்காலத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். மே மாதமும் மற்ற மாதம் மாதிரியே அவர் கைக்குப் போய்ச் சேரும். "போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக" என்று பவுல் எடுத்துச் சொன்னது எங்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். சம்பளம் வருகிறது என்பதற்காக உங்கள் ஐயர் நனையலாமா?

பதில் 2 (குருமனைப் பிள்ளை):

நான் ஒரு ஐயருடைய மகள். பதினெட்டு வருடத்தில் ஆறு குருமனை மாறியிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கும், முன்பு இருந்த ஐயர் வீட்டுப் பிள்ளைகளின் உயரம். அதற்குப் பக்கத்தில் எங்கள் கோட்டையும் போட்டுவிட்டு வருவோம். அந்த வீடு எங்களுடையது இல்லை என்று எங்களுக்கு எப்போதும் தெரியும். அதனால்தான் உங்கள் ஐயரம்மா கூரையைப் பற்றிப் பேசவில்லை. என் அம்மாவும் பேசியதில்லை.

ஒரு ஊரில் கைப்பிடி அரிசி எங்கள் வீட்டுக்கு வரும். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் ஒரே சாக்கில். அதை உலையில் போட்டால் பாதி குழையும், பாதி விதை விதையாக நிற்கும். அம்மா வடித்துவிட்டு, ஒவ்வொரு வேளையும் சமைக்கும் முன்பு ஒரு பிடி எடுத்து வைத்த கைகளுக்காக ஜெபிப்பார்கள். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள். கொடுக்கத் தெரியாத சனம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அப்பாவை உடைத்தது பணக்கஷ்டம் இல்லை. ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அவர் போகவில்லை. அன்று தம்பிக்கு டெங்கு, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுப் பேராயருக்கு மனு அனுப்பினார்கள். அதில் நான்கு பேருடைய பிள்ளைகளுக்கு அப்பாதான் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் எழுத உட்கார்ந்தால் வெகுநேரம் பேனாவைத் திறக்காமலே இருப்பார்.

அப்பா தவறே செய்யாதவர் என்று சொல்லவில்லை. ஒரு தடவை கமிட்டியைக் கேட்காமல் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிவிட்டார். அந்தச் சேகரத்தில் ஒரு ரிட்டையர்ட் வாத்தியார் இருந்தார். இருட்டின பிறகு தனியாக வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, இது சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை நீங்களே சபையில் சொல்லிவிடுங்கள்" என்றார். அப்பா சொன்னார், விஷயம் அதோடு முடிந்தது. அந்த வாத்தியாரைத்தான் அப்பா சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் மோசேயின் கையைத் தாங்கியதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் முதலில் செய்தது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தது. உங்கள் ஐயரையும் உட்கார வையுங்கள். ஞாயிறு எத்தனை கோயிலில் ஆராதனை நடத்துகிறார்? திங்கட்கிழமை ஒரு நாளாவது சாவும் அவசரமும் தவிர யாரும் குருமனைக் கதவைத் தட்டக் கூடாது என்று கமிட்டி அறிவிக்கட்டும். அவரே அறிவித்தால் சோம்பேறி என்பார்கள்.

பதில் 3 (முன்னாள் பொருளாளர்):

தம்பி, ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சேகரக் கமிட்டிக்குத் தலைவர் ஐயர்தான். தான் குடியிருக்கும் வீட்டுக் கூரையைத் தானே தீர்மானமாக எப்படிக் கொண்டுவருவார்? அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கூரை இடிந்துதான் விழும். தீர்மானத்தை நீங்கள் கொண்டுவாருங்கள், வேறொருவர் ஆமோதிக்கட்டும். குருமனை சபையின் சொத்து. ஐயருக்குச் செய்யும் உபகாரமாக அதை எழுதாதீர்கள். பராமரிப்பு என்று எழுதுங்கள்.

காணிக்கை எண்ணும்போது ஐயர் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். இரண்டு பேர் எண்ணி, இருவரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் பொறுப்பில் இருந்த ஒன்பது வருடமும் இதை விட்டதில்லை. அதனால் எந்த ஐயர் மேலும் ஒரு ரூபாய்ப் பழி வரவில்லை. அவரைக் கேள்வியே கேட்கக் கூடாது என்கிறவருக்கு 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். மூப்பருக்கு இரட்டிப்பான கனம் கொடுக்கச் சொன்ன அதே இடத்தில்தான், இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் அவர் மேல் பிராது வாங்காதே என்றும், தவறு நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றும் இருக்கிறது.

வெள்ளாளன்விளையில் கிராமத்து ஐயர் ஒருவரின் மகனாகப் பிறந்து 1912இல் பேராயரான அசரியா, அதற்கு இரண்டு வருடம் முன்பு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து, எல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவர் கேட்ட இடம் வேறு, ஆனால் நம் ஐயர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும். ஊரே தெரிந்த மனிதருக்கு, மனம் விட்டுப் பேச ஊரில் ஒருவரும் இல்லை.

கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. குருமனைப் பிள்ளையின் பதிலை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், இருவருக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

நேற்று நானே போய் ஐயரிடம் நேரடியாகக் கேட்டேன், ஏன் ஐயா வீடுகளுக்கு வருவதில்லை என்று. சேகரத்தின் கடைசி இரண்டு ஊர்களில் எந்த வீடு யாருடையது என்றே தெரியவில்லை, கூட வந்து காட்ட ஆள் கேட்டேன், யாரும் வரவில்லை என்றார். நான்கு மாதமாக இது எனக்குத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் நான் கூடப் போகிறேன். குறை சொன்னவரையும் கூப்பிட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.

கூரைக்கு அவசரக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டாயிற்று. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றார். திங்கள் வேண்டாம், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.