பேய்க்கு எல்லாம் தெரியுமென்றால் துப்பறிவது எதற்கு?

மஞ்சக்காடு:
ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்த நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

அவல்பூந்துறைப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீடு. அம்மாயி செத்து வருசம் திரும்பவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மகள் வயிற்றுப் பேத்தி வருகிறாள். குடோனில் அடுக்கியிருந்த புது மஞ்சள் மூட்டைகளை யாரோ எடுத்துவிட்டு, பழைய சரக்கை வைத்திருக்கிறார்கள். அம்மாயியோ இன்னும் திண்ணையை விட்டுப் போகவில்லை. பேத்தி கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். திருடனைப் பிடிக்க யோசனை சொல்கிறாள். கூடவே, ஈரோட்டு மண்டியில் சரக்குத் தரம் பார்க்கும் பையனைப் பேத்திக்கு முடித்துவைக்கவும் பார்க்கிறாள். ரத்தம், அலறல் எதுவும் கிடையாது. அம்மாயியை வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

நொய்யல்கரை:
எடுத்துருங்க. ராத்திரி பகலாக அங்கேயே சுற்றுகிறவளுக்கு மூட்டையை மாற்றியது யாரென்று தெரியாமல் இருக்குமா? தெரிந்தால் முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்தது. தெரியாதென்றால் அவள் எதற்கு, வெறும் அலங்காரத்துக்கா? 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். அமானுஷ்யம் கூடாது என்பது அதில் இரண்டாவது. இத்தனைக்கும் அவர் பாதிரியார்!

சாளைவாசி:
பாதிரியார் இருக்கட்டும், காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அந்தப் பக்தர் கோயிலில் வந்து சொன்னதும் அப்படியே வைத்துவிட மாட்டார்கள். சாமியிடம் பூ வைத்துக் கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் அந்தப் பொருள் எல்லோரும் பார்க்கிற மாதிரி உத்தரவுப் பெட்டிக்குள் போகும். கனவில் சாமியே சொன்னாலும் சரிபார்க்கிற ஊருங்க இது. செத்த அம்மாயி சொன்னால் மட்டும் அப்படியே நம்பிவிடுவோமா? ஆனைமலை மாசாணியம்மன் கோயிலையும் பாருங்க. பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். அம்மன் திருடனுக்குத் தண்டனை கொடுப்பாள் என்ற நம்பிக்கைதான். பெயரும் விலாசமும் கேட்டு யாரும் அரைப்பதில்லை.

நொய்யல்கரை:
பக்தி வேறு, கதை வேறு. வாசகனுக்குத் துப்பு வேண்டும்.

மஞ்சக்காடு:
துப்பு மஞ்சளிலேயே இருக்கிறது. தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, பாலிஷ் போட்ட சரக்கு அது. விலை ஏறட்டும் என்று வருசக்கணக்கில் இருப்பு வைத்த மஞ்சளில் வண்டு துளை போட்டிருக்கும். புது மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் துளை விழுந்த விரலி மஞ்சள் கிடப்பதைப் பேத்தி முதல் அத்தியாயத்திலேயே பார்க்கிறாள், ஆனால் அது என்னவென்று அவளுக்குப் புரிவதில்லை.

சாளைவாசி:
அருமை. அப்புறம் இன்னொன்று. அம்மாயிக்குத் திருடன் யாரென்று தெரியட்டும். தெரிந்தும் மறைக்கட்டும். ஏனென்றால் அவன் அவளுடைய மகன்.

2005 சட்டத்திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்துவிட்டது. ஆனாலும், "அதான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி அக்கா தங்கையிடம், பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் நடக்காததா? பேத்தியின் அம்மா அதில் கையெழுத்துப் போடவில்லை என்கிற கோபம் மாமனுக்கு. அதனால் அம்மாயி ஒவ்வொரு யோசனையையும் பேத்தியை மகன் பக்கம் போகவிடாமல்தான் சொல்கிறாள். கல்யாணப் பேச்சே பேத்தியின் கவனத்தைத் திருப்பத்தான். குடும்பத்துக்குள் பாரபட்சம் பார்ப்பது செத்தால் போய்விடுமா என்ன?

கொடிவேரி:
அந்தக் கல்யாணப் பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. பையனைப் பார்த்ததும் நம் ஊர் அம்மாயி கேட்கும் முதல் கேள்வி, "அம்மிணி, எந்தக் கூட்டம்னு கேட்டுட்டயா?" என்பதுதான். ஒரே கூட்டமென்றால், அதாவது ஒரே குலமென்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, அங்கேயே முடிந்தது. வேறு சாதி என்றால் அதற்கப்புறம் இந்த ஊரில் அது லேசான காதலாக இருக்குமா? வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடாமல் எழுதினால் காபி விளம்பரம் மாதிரி இருக்கும்.

மஞ்சக்காடு:
எல்லாக் கதையும் அந்தப் பாரத்தைச் சுமக்கணுமா? படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கத்தானே இதை எழுதுகிறேன்.

கொடிவேரி:
யார் நிம்மதியாகத் தூங்க? அம்மாயி அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்கட்டும். பேத்தி பதில் சொல்லாமல் எழுந்து போகட்டும், எனக்கு அது போதும்.

நொய்யல்கரை:
பொய் சொல்லும் பேய் என்றால் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் அவள் பொய்க்காரி என்பதற்கு நடுக்கதைக்குள் ஒரு தடயம் வைக்கணும். மாமன் வண்டி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் திண்ணையில் இருப்பதில்லை என்கிற மாதிரி. கடைசியில் "நான்தான் சாமி மறைச்சேன்" என்று அவளே அழுதால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொடிவேரி:
அதை விடுங்க. அந்த மண்டிப் பையன் தினமும் மஞ்சளை உடைத்துப் பார்த்துத் தரம் சொல்கிறவன்தானே? மாற்றிய சரக்கின் சாம்பிளைக் கையில் வாங்கியபோது துளை அவன் கண்ணில் படவில்லையா? பட்டும் சொல்லவில்லை என்றால் அவனும் சந்தேகப் பட்டியலில் இருக்கணும். காதலன் என்பதற்காக அவனை விட்டுட்டீங்களா?