வெறும் பஃபருக்கே செல்கள் பதறுகின்றன: எங்கே தவறு?

திருநகர் மாணவன்:
வணக்கம். மதுரையில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். நிலவேம்புச் சாறு கொடுத்தால் எலியின் மேக்ரோஃபேஜ் செல்களில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் சுரப்பு கூடுகிறதா என்று பார்த்தேன். கூடியது, வழிகாட்டியிடம் சொல்லியும் விட்டேன். பிறகுதான் கவனித்தேன், சாறே சேராமல் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மட்டும் ஊற்றிய வளர்ப்புத் தட்டுக் குழிகளிலும் ஏறக்குறைய அதே அளவு! வளர்ப்பு ஊடகம் மட்டும் இருந்த குழிகள் அமைதியாக இருந்தன. பஃபரை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், வைத்தேன். வெப்பம் பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்தது. தட்டில் பூசிப் பார்த்தும் ஒரு காலனி முளைக்கவில்லை. கிருமியே இல்லாதபோது செல்கள் எதைக் கண்டு பதறுகின்றன?

செல்வளர்ப்பு அக்கா:
கிருமி செத்துவிட்டது தம்பி, அதன் மேலுறை அப்படியே கிடக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு (எண்டோடாக்ஸின் என்பதும் இதுதான்) ஆட்டோகிளேவுக்கு அசையாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். உயிருள்ள கிருமியா, செத்ததா என்று மேக்ரோஃபேஜ் விசாரிப்பதில்லை. அந்த மூலக்கூறின் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ, மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் உள்ள எம்டி-2 புரதத்தின் குழிவுக்குள் போய் அமர்ந்தால் போதும். அதைத் தாங்கி நிற்கும் டிஎல்ஆர்4 ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உள்ளே சேதி அனுப்பும்; டிஎன்எஃப் சுரக்கும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமே இதற்குத் தாராளம். பஃபருக்குத் தண்ணீர் எங்கே எடுத்தாய்?

திருநகர் மாணவன்:
காய்ச்சி வடித்த தண்ணீர்தான் அக்கா. 20 லிட்டர் கேன், ஜன்னலோரம் இருக்கிறது.

செல்வளர்ப்பு அக்கா:
சித்திரை வெயிலில் ஜன்னலோரமா! கேனுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்.

திருநகர் மாணவன்:
வழவழவென்று இருக்கிறது. நறுக்கிய வெண்டைக்காயைத் தொட்டது போல.

செல்வளர்ப்பு அக்கா:
பாக்டீரியாப் படலம். அதைத்தான் வேகவைத்துச் செல்களுக்கு ஊட்டியிருக்கிறாய். லிப்பிட் ஏ-யைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்ஸின் பி என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து மறுபடி செய். கண்ணாடிக் கலன்களை உலர்வெப்ப அடுப்பில் 250 டிகிரியில் 30 நிமிடம் வை. பிளாஸ்டிக் தாங்காது, எண்டோடாக்ஸின் நீக்கியதாகப் புதிதாக வாங்கிக்கொள்.

எலிக்கூண்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாலிமிக்ஸின் போட்டும் டிஎன்எஃப் கொஞ்சம் மிச்சம் நின்றால் பாக்டீரியாவின் லிப்போபுரதங்களைச் சந்தேகியுங்கள். அவற்றை உணர்வது டிஎல்ஆர்2 என்ற வேறோர் ஏற்பி. சி3எச்/எச்இஜே என்ற ஆய்வக எலி வகையின் மேக்ரோஃபேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் டிஎல்ஆர்4 மரபணுவிலேயே பழுது, அதனால் லிப்போபாலிசாக்கரைடுக்குப் பதறாது. லிப்போபாலிசாக்கரைடை உணர்வது இந்த ஏற்பிதான் என்று 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்ததே அந்த எலியை வைத்துத்தான். 2011 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.

திருநகர் மாணவன்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பாலிமிக்ஸின் சேர்த்ததும் பஃபர் குழிகள் அடங்கிவிட்டன. நிலவேம்புக் குழிகளும் கூடவே அடங்கிவிட்டன. சாறு எடுத்ததும் அதே தண்ணீரில்தான். வழிகாட்டியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் அக்கா?

செல்வளர்ப்பு அக்கா:
கேனைத் தூக்கிக்கொண்டு போ. அவரும் ஒரு தடவை விரலை விட்டுப் பார்க்கட்டும்.