பாணில் போடும் 282 மாட்டுக்கு ஒட்சியேற்ற அழுத்தம் கொடுக்குமா?

பட்டிக்காரி_ஹட்டன் கேட்டது:

பேக்கரியில் மிஞ்சி வரும் வெட்டுப்பாண் மூட்டைக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. உறையில் "நற்காப்புப் பொருள் 282" என்று போட்டிருக்கிறது. நற்காப்புப் பொருள் கொடுத்த எலிகளுக்கு ஈரலில் ஒட்சியேற்ற அழுத்தம் (ஒட்சியேற்றம் மிஞ்சி உயிரணுக்கள் கெடும் நிலை) கூடியதாக ஒரு கட்டுரை வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மாட்டுக்கும் அதே கதிதானா? இரண்டு கறவை, ஒவ்வொன்றும் 350 கிலோ வரும். காலையில் சி.ஓ. 3 புல், பின்னேரம் மரக்கறி லொறியில் கழித்துப் போடும் லீக்ஸ் இலையும் கோவா இலையும். பாண் எவ்வளவு போடலாம்? நாய்க்கு சொசேஜஸ் துண்டு போடுவதையும் நிறுத்தவா?

மிருகவைத்தியம்_ஊவா:

282 என்பது கல்சியம் புரொப்பியனேற்று. பசுவுக்கு அது புதுச் சரக்கே இல்லை அக்கா. புல் ரூமனில், அதாவது மாட்டின் முதல் வயிற்றில், நொதிக்கும்போது நாள் முழுக்கப் புரொப்பியோனிக் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈரல் குளுக்கோசாக மாற்றித்தான் பாலுக்கு இனிப்புச் சேர்கிறது. இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அதில் மா சுமார் 300 கிராம். மாவில் 0.3% போட்டிருந்தால் ஒரு பாணுக்கு 1 கிராம்கூட வராது. கன்று ஈன்று சோர்ந்து கிடக்கும் பசுவுக்கு இதே உப்பை 500 கிராம் அளவில் தண்ணீரில் கரைத்து மருந்தாகவே வாயில் ஊற்றுகிறோம். ஐந்து பாணில் வரும் 5 கிராமுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது பாணின் மாச்சத்துக்கு. வெறும் வயிற்றில் ஒரு மூட்டையைக் கொட்டினால் ரூமன் புளித்துப்போகும். சாணம் சாம்பல் நிறத்தில் நுரையோடு இளகும், அசைபோடுவது நிற்கும், பால் கொழுப்பு இறங்கும், பிறகு குளம்பு நோகும். முதல் நாள் கால் கிலோவில் தொடங்கி, இரண்டு கிழமையில் மெதுவாக 2 கிலோ வரை கூட்டுங்கள். புல் தின்ற பிறகுதான் பாண், அதுவும் இரண்டு வேளையாகப் பிரித்து. அப்பச்சோடா நாளொன்றுக்கு 100 கிராம் தீவனத்தோடு கலந்தால் நல்லது. பொலித்தீன் உறையை ஒன்றுவிடாமல் கழற்றுங்கள். வயிற்றில் சுருண்டு கிடந்தால் அறுவைதான்.

பூஞ்சணம் பிடித்த பாண் வேண்டவே வேண்டாம். பச்சைப் பக்கத்தை வெட்டி எறிந்தாலும் நஞ்சு உள்ளே ஓடியிருக்கும், அவித்தாலும் போகாது. அஃப்லாரொக்சின் என்ற அந்தப் பூஞ்சண நஞ்சு மாட்டின் ஈரலில் மாறி ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும், நிறுத்தினால் வடிய மூன்று நான்கு நாள் ஆகும். ஈரலில் ஒட்சியேற்றச் சேதம் செய்யும் பேர்வழி உண்மையில் இதுதான். 282 போடுவதே பூஞ்சணம் வராமல் இருக்கத்தான்.

ஆய்வுகூடம்_பேராதனை:

எலிக் கட்டுரை பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் அளவைப் பார்த்து வாசிக்க வேண்டும். அப்படியான ஆய்வுகளில் அதிகம் வருவது 211, அதாவது சோடியம் பென்சோவேற்று. கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் எலிக்கு அது 100 மில்லிகிராம், குழாய் வழியாக ஒரே தடவையில் வயிற்றுக்குள். எலி அளவை மனித அளவாக்க 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரும், 60 கிலோ ஆளுக்கு 4.8 கிராம். லீட்டருக்கு 150 மில்லிகிராம் பென்சோவேற்று உள்ள சோடா என்றால் நாளுக்கு 32 லீட்டர் குடித்தாக வேண்டும். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021இல் இதன் நாளாந்த எல்லையைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 20 ஆக உயர்த்தியது.

அளக்கும் முறையிலும் வழுக்கல் உண்டு. கொழுப்பு ஒட்சியேறினால் வரும் மலோன்டயல்டிஹைட்டைத் தயோபாபிற்றியூரிக் அமிலத்தோடு சூடாக்கி, இளஞ்சிவப்பு நிறத்தை 532 நனோமீற்றரில் வாசிப்பார்கள். ஈரல் துண்டை ஐஸில் வைக்காமல் விட்டாலும், கொதிக்க வைக்கும் முன் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பி.எச்.ரி. சேர்க்க மறந்தாலும், ஒட்சியேற்றம் சோதனைக் குழாய்க்குள்ளேயே நடந்து அளவு ஏறிவிடும். சிவப்பணு உடைந்த இரத்த மாதிரியிலும் அதே குழப்பம். இதில் வேடிக்கை, அந்த பி.எச்.ரி.யும் (321) ஓர் உணவுச் சேர்க்கைதான். எண்ணெய் சிக்கடிக்காமல் இருக்கப் போடுவது. கட்டுரையில் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒட்சியேற்றத்தைத் தடுக்க உடலே வைத்திருக்கும் குளுற்றதயோன், கற்றலேசு ஆகியவற்றின் அளவு, ஈரல் திசுப் படம் எல்லாம் ஒரே பக்கம் காட்டினால்தான் பேச்சு.

தீவனக்கணக்கு:

எல்லோரும் 282ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கேள்விக்குள்ளேயே லீக்ஸ் இலை கிடக்கிறதே! ஒட்சியேற்ற அழுத்தம் என்றால் என்ன என்று மாட்டில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதுதான்.

வெங்காயம், லீக்ஸ் வகையில் உள்ள கந்தகச் சேர்வைகள் வயிற்றில் உடைந்து டைசல்பைட்டாகின்றன. அவை சிவப்பணுவின் குளுற்றதயோன் கையிருப்பைத் தீர்த்துவிட்டு ஈமோகுளோபினைத் தாக்கும். ஒட்சியேறிய ஈமோகுளோபின் குமிழ்போல ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், ஹைன்ஸ் உடல் என்பது அதைத்தான். அந்த அணு மண்ணீரலில் அழிக்கப்படும், இல்லாவிட்டால் இரத்தத்திலேயே உடையும். இதை ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. கோவா இலையிலும் வேறொரு கந்தகச் சேர்வையால் இதே வேலை நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போடுவது இரட்டை அடி.

வெங்காயம் மாட்டுத் தீவனத்தின் உலர் எடையில் (தண்ணீரைக் கழித்த எடை) கால்வாசியைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. என் கணக்கு அதைவிடக் கஞ்சத்தனமானது. உங்கள் மாட்டுக்கு லீக்ஸும் கோவாவும் சேர்த்து நாளுக்கு 8 கிலோ பச்சை இலைக்கு மேல் வேண்டாம், லீக்ஸ் அதில் பாதிக்கும் கீழே. பால் கறந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் பாலே வெங்காய வாடை அடிக்கும்.

இன்னொன்று, யூரியா தாராளமாக விழுந்த தோட்டத்து இலையில் நைத்திரேற்று ஏறியிருக்கும், வெயில் காணாத மப்பு நாட்களில் இன்னும் கூடும். ஈர இலையைக் குவித்து வைத்துக் கை வைத்தால் சூடு தெரிகிறது என்றால், உள்ளே அது இரத்தத்தைக் கெடுக்கும் நைத்திரைற்றாக மாறிக்கொண்டிருக்கிறது. சொசேஜஸில் போடும் 250 என்ற சேர்க்கையும் அதே நைத்திரைற்றுத்தான். அங்கே மில்லிகிராமில் அளந்து போடுகிறார்கள், குவியலில் அளப்பார் இல்லை. வந்த அன்றே மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள், சூடேறியதை எருக்குழியில் போடுங்கள்.

பட்டிக்காரி_ஹட்டன்:

சிவப்பணு உடைந்து மூத்திரம் சிவந்தால் இங்கே எல்லோரும் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். லீக்ஸால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

மிருகவைத்தியம்_ஊவா:

வெள்ளைப் போத்தலில் மூத்திரத்தைப் பிடித்து அரை மணித்தியாலம் ஆட்டாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது இரத்தம், சிறுநீர்ப்பைப் பக்கம் தேட வேண்டும். பிளேன்டீ போல மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நின்றால் ஈமோகுளோபின், அதாவது அணுக்கள் உடைகின்றன. அடுத்து வெப்பமானி. உண்ணிக் காய்ச்சலில் பெரும்பாலும் 40 பாகையைத் தாண்டும், லீக்ஸில் சாதாரணமாகவே இருக்கும். இரண்டிலும் கண் இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கும், ஆகவே அதை வைத்துப் பிரிக்க முடியாது. எலிக்காய்ச்சல் கிருமியும் இப்படிச் செய்யும் என்பதால் கையுறை இல்லாமல் அந்த மூத்திரத்தைத் தொடாதீர்கள்.

முடிவு சொல்வது இரத்தப் பூச்சுத்தான், அதாவது ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. அதைப் பார்க்காமல் உண்ணிக் காய்ச்சல் ஊசி போடச் சம்மதிக்க வேண்டாம். லீக்ஸ் என்றால் இலையை நிறுத்தி, நல்ல புல்லும் தண்ணீரும் கொடுத்து, மேட்டில் ஏற்றி இறக்காமல் நிழலில் கட்டுங்கள். இரத்தம் அதிகம் குறையாத மாடு சில கிழமைகளில் தேறும். மூத்திரம் சிவக்காமல், மூச்சு வாங்கி, இரத்தம் சொக்லேட் நிறமாக இருந்தால் அது நைத்திரைற்று. அதற்கு மெதிலீன் நீலம் என்ற மருந்து இரத்த நாளத்தில் போக வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை.

நாய்க்கு சொசேஜஸை நிறுத்துங்கள். 250ஐவிட அதில் சேர்க்கும் வெங்காயத் தூளும் உப்பும்தான் காரணம். நாயின் சிவப்பணுவிலும் அதே ஹைன்ஸ் உடல் வரும், பூனை இன்னும் மோசம். பூனை இருந்தால் 211 போட்ட பண்டமும் வேண்டாம், பென்சோவேற்றை வெளியேற்றுவதில் அதன் ஈரல் சரியான மந்தம்.